பைபாஸ் கூட்டத்தில் ஒரு மாப்பிள்ளை

அண்ணாவுக்கு,

நேற்று திருவிடைமருதூரில் நடந்த பைபாஸ் கூட்டத்தில் நன்றாகப் பேசினீர்கள். கைதட்டல் எனக்கும் கேட்டது.

முதல் வரைபடத்தில் சாலை உங்கள் நெல் அரவை மில் வழியாகப் போனது. இப்போது மில்லைச் சுற்றி வளைந்து என் நஞ்சைக்குள் இறங்குகிறது. அந்த வளைவு ஏன் என்று கேட்கத்தான் கை தூக்கியிருந்தேன். எனக்கு முன்னால் நீங்கள் எழுந்துகொண்டீர்கள்.

"எங்க மாப்பிள்ளையே கடைத்தெருவுல லாரியில அடிபட்டுத்தான் போனாரு. இன்னும் எத்தனை பேரு தாலி அறுக்கணும் சார்? இதே மேப்புல ரோட்டைப் போடுங்க!"

என் கணவர் உயிரோடு இருந்தவரை உங்களுக்கு 'அந்த வாத்தியார்'தான். பெண் கொடுத்ததே தப்பு என்று அப்பாவிடம் என் காதுபடச் சொன்னவர் நீங்கள். மாப்பிள்ளை என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்து நேற்றுதான் கேட்டேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதோ கேக்கணும்னீங்களேம்மா?" என்றார். ஊரே என்னைப் பார்த்தது. அதற்குமேல் நான் எதைக் கேட்டாலும், கணவரின் சாவைவிட நிலம் பெரிது என்று சொன்னதாகிவிடும். "ஒண்ணுமில்ல சார்" என்று உட்கார்ந்தேன். அப்படி உட்காருவேன் என்று தெரிந்துதான் பேசினீர்கள்.

நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். லாரிகள் கடைத்தெருவுக்குள் வரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஐப்பசியில் அவர் திதிக்கு நீங்கள் வர வேண்டாம். வந்தால் இலை போட மாட்டேன். கான்வென்டில் படித்த திமிர் என்று வழக்கம்போல அண்ணியிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறப்பை மாற்ற வழியில்லாததால்,
உங்கள் தங்கை