குருத்தெலும்பும் எலும்பே என்று அவை தெளிந்த வரலாறு உரைக்கும் திருமுகம்

வளம் பெருகுக. வாள்முனை மழுங்காதிருக்க. கடலும் கழியும் காவல் நிற்கும் புன்னைக்கரை நாட்டின் முதலமைச்சர் ஆதன் அழிசியார் திருமுன்பு, மலைகள் வழிவிட, மேகங்கள் குனிய, பகைவர் எவரேனும் இருப்பின் அவர் நடுங்க ஆளும் பெருங்கோ மாவேழர்தம் அமைச்சன் நன்னாகன் விடுக்கும் ஓலை. நும் அரசும் ஆனிரையும் நலமே வாழ்க. ஈண்டு யாவரும் நலம், இரண்டு விலாக்கள் நீங்கலாக.

முதல் விலா எம் மல்லன் எயினனுடையது. வரும் பங்குனி முழுநிலவன்று நும் களத்தில் இறங்க வேண்டியவன். ஈராண்டு வெள்ளத்தால் வர இயலாத அவன் இம்முறையும் வாராவிடின், மல்லர் வரிசையிலிருந்து அவன் பெயர் நீங்கும் என்பது இரு நாட்டு உடன்பாடு. தைத் தொடக்கத்தில், பயிற்சியின்போது தோழன் ஒருவன் முழங்கையோடு மேலே விழ, அவன் நெஞ்சருகே ‘சடக்’ என்றது. மருத்துவர் வேண்மாள் தொட்டுப் பார்த்து, விலாவெலும்பு முறியவில்லை என்றும், அதை நெஞ்செலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பே கிழிந்தது என்றும், கட்டுப் போட்டு மூச்சை இறுக்காமல் ஐம்பது நாள் பொறுப்பதே மருந்து என்றும் உரைத்தார்.

ஆறு ஆளைப் புரட்டியவன் பாயில் புரள முடியாமல் கிடந்தான். தும்மல் வரும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டான். சிரித்தால் வலிக்கும் என்றறிந்த மற்ற மல்லர்கள், அதற்கென்றே கதை சேர்த்துக்கொண்டு பார்க்க வந்தனர். “சிரிக்க வைக்காதீங்கடா பாவிகளா! எந்திரிச்சேன்னா ஒருத்தனும் முழுசா வீடு போகமாட்டீங்க” என்று அவன் கெஞ்சியதும் மிரட்டியதும் ஒரே மூச்சில். அம்மூச்சும் பாதியில் நின்றது.

எலும்பு முறிந்தவனுக்கே ஓய்வு என்பது எம் சட்டம். அவைப்புலவர் மூன்று நாள் ஆய்ந்து, தென்னைக்கும் வாழைக்கும் குருத்து உண்டாகலின், குருத்தெலும்பு தோட்டத் துறைக்கு உரியது எனத் தெளிந்தனர். தோட்டக் கண்காணியார் வந்து எயினன் மார்பைச் சுற்றிப் பார்த்து, வண்டு துளைத்த தடம் இல்லை, வளர்ச்சி நன்று என்று எழுதித் தந்தார். மறுநாளே களத்துக்கு வருக என ஆணை பிறந்தது. போனால் கிழிந்தது மேலும் கிழியும், பங்குனியும் கைவிட்டுப் போகும் என்று எயினன் அறிவான். மல்லன் அறிந்து என்ன, அவை அறிய வேண்டாமா?

இரண்டாவது, திருவிலா. ஒரு குருத்துக்காக வீரன் பாயில் கிடப்பானோ என்று அருளிய எம் பெருங்கோ, அவை நடுவே கர்லாக்கட்டையை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அரைச் சுற்று என்பாரும் உளர். ‘சடக்’ என்றது. அன்று மாலைக்குள் குருத்தெலும்பும் எலும்பே எனப் புலவர் ஒருமனதாய்த் தெளிந்தனர். அந்தத் தெளிவில் எயினனுக்கும் ஓய்வு கிடைத்தது. அரண்மனைச் சமையலில் மிளகு விலக்கப்பட்டது. அவையைச் சிரிக்க வைக்கும் நகைவேழம்பன் எல்லைக்காவலுக்கு மாற்றப்பட்டான்.

வேண்மாள் சொன்னபடி எயினன் நாள்தோறும் ஆழ மூச்சிழுத்தான், நடந்தான், நாற்பது நாள் எடை தொடவில்லை. ஐம்பத்தைந்தாம் நாள் மணல்மூட்டையைத் தழுவிச் சாய்த்தான், வலி இல்லை. பெருங்கோவோ பத்தாம் நாள் வாழ்த்தொலி கேட்க யானை ஏறினார். இருபதாம் நாள் ஓவியனுக்காக வில் வளைத்தார். ஒவ்வொரு முறையும் முதல் நாளுக்கே திரும்பினார். கோவுக்கு முன் குடி குணமாவது முறையன்று என இப்போது புது ஆணை பிறந்துள்ளது. ஆகவே பதிவேட்டின்படி எயினன் இன்றும் படுக்கையில் இருக்கிறான்.

அவன் எம்மிடம் வந்து, “ஐயா, அவரு ஆறுறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்” என்றான். யாம் ஓலையும் எழுத்தாணியும் எடுத்தோம்.

ஆகலின் வேண்டுவது: இவ்வோலையை நும் கையில் தந்து நிற்கும் அகன்ற தோள் தூதனுக்கு முதலில் சோறிடுக. பின் பங்குனிக் களத்தில் இறக்குக. வென்றால் எயினன் என்றே கல்லில் பொறிக்க. அவனை அனுப்பியது தாமே என்பது பெருங்கோவுக்கு மறுநாளே நினைவு வரும். தோற்றால், தோற்றவன் யாரோ ஓர் ஓலைக்காரன். படித்ததும் இதனை அடுப்பில் இடுக.

அரச முத்திரையைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார் ஆதலின், அரக்கின்மேல் பதிந்திருப்பது எம் கட்டைவிரல்.