முகத்தைக் கழுவிட்டு வாங்க

மார்ச் 10, திங்கள்

டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் காய்ச்சலை இன்றிலிருந்து நர்ஸுகள் பார்க்க வேண்டாமாம். வாசலில் காவலுக்கு நிற்பவர் பார்ப்பாராம். நான் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அவர் போன மாதம் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், பாவம், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இங்கே மாற்றியிருக்கிறார்கள். அவர் கையில் நெற்றிக்கு நேராக நீட்டுகிற அந்த வெள்ளைத் துப்பாக்கியைக் கொடுத்து, பச்சை எரிந்தால் உள்ளே விடு, சிவப்பு எரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று மேலாளர் சொல்லிவிட்டார். வாசலில் எழுதித் தரும் சீட்டைக் கேஸ் ஷீட்டில் பின் குத்துவதோடு எங்கள் வேலை முடிந்தது. "ஒரே வேலைய ரெண்டு இடத்துல செய்ய ஆள் எங்க சிஸ்டர் இருக்கு?" என்கிறார். இதற்கு முன் ஹோட்டல் நிர்வாகம் பார்த்தவர். நோயாளிகளை இன்னமும் வாய் தவறி 'கெஸ்ட்' என்கிறார்.

காய்ச்சல் வந்தவர்களுக்கென்று தடுப்புக்குப் பின்னால் தனி மெஷினோடு பதினோராவது நாற்காலி ஒன்று இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும். ஸ்டோர் ரூமைத் தன் ஆபீஸாக ஆக்கிக்கொண்ட புண்ணியவான் மேலாளர், அங்கிருந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் இதன் மேல் கூரைவரை அடுக்கிவிட்டார்.

இன்று பன்னிரண்டு மணி ஷிஃப்டில் மீசைக்காரருக்குச் சிவப்பு. 101.2. பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிஷம் உச்சி வெயிலில் நடந்து வந்தவர். நெற்றி பின்னே என்ன, ஐஸ் கட்டியாகவா இருக்கும்? நான் ஓடி வருவதற்குள் அனுப்பிவிட்டார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். "சரிங்க" என்று போயிருக்கிறார்.

பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மார்ச் 12, புதன்

மீசைக்காரர் இன்று வந்தார். வந்தார் என்ன, மகன் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தான். உடம்பில் ஐந்து கிலோ தண்ணீர். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறார். அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வரிசையில் சாயங்காலம்வரை நின்றாராம். அங்கே பார்த்தால் 98.6. காய்ச்சலே இல்லை, வீட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் முறை போனது போனதுதான்.

மேலாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா, தள்ளினேனா, ஞாபகம் இல்லை.

"மெஷின் பொய் சொல்லுமா சிஸ்டர்?"

"அது வெயிலைச் சொல்லுது சார். காய்ச்சலைச் சொல்லல. ஒரு பெஞ்சு போடுங்க, ஒரு ஃபேன் மாட்டுங்க. கால் மணி நேரம் உக்கார வச்சுட்டுப் பாருங்க."

"வாசல்லயே கூட்டம் உக்காந்திருந்தா, பார்க்க நல்லாவா இருக்கும்?"

பார்க்க நல்லா இருக்கணுமாம்!

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. பாத்திரங்கள் மேல் காட்டினேன். "அந்த மெஷினை இப்ப உன் நெத்தியில வச்சா வெடிச்சிடும்" என்றார் வீட்டுக்காரர். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்! வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு நானே போய் நின்றுகொண்டேன். வந்தவர்களிடமெல்லாம், "முகத்தைக் கழுவிட்டு வாங்க, துடைச்சிட்டு வாங்க." காவல்காரரிடமும் சொல்லிவைத்தேன், கழுவாதவரைப் பார்க்காதீர்கள் என்று. பத்துப் பேருக்கும் பச்சை. ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெஞ்சும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம், ஹோட்டல்காரர் தயவும் வேண்டாம்.

டிரைவிங் அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சரண்டர்! சுட்டுடாதீங்கய்யா" என்று வந்தார். காவல்காரர் வெட்கப்பட்டுவிட்டார். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இந்த அக்கா. கையில் போட்ட ஊசிவழி அடைத்துப்போனதால் ஆறு மாதமாகக் கழுத்துக் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ். அந்தக் குழாயோடு போன வாரம்வரை ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாராம்.

"குறுக்குச் சந்து எல்லாம் உனக்கு அத்துப்படி தங்கச்சி" என்றார் என்னிடம்.

தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 17, திங்கள்

பத்துக்குப் பத்து பச்சை. மேலாளர் என்னிடமே வந்து, "பார்த்தீங்களா, சிஸ்டம் செட்டாயிடுச்சு" என்றார். உன் சிஸ்டமா! பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்காரருக்கு இன்று நல்ல கோபம். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூட மூடத் திறந்துகொள்கிறது என்று, குறுக்கே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற சென்சார் மேல் யாரோ டேப்பை ஒட்டிவிட்டார்களாம். "இப்ப கதவு நல்லா மூடுது. எல்லாருக்கும் சந்தோஷம். யார் கையாவது மாட்டும்போதுதான் தெரியும்" என்றார். நான் அரைக் காதால் கேட்டேன். என் தலைவலியே எனக்குப் பெரிசு. வாஷர் மாற்றாத நம் வீட்டுக் குழாயை முதலில் பாருங்கள் என்று சண்டைக்குப் போனேன்.

மார்ச் 24, திங்கள்

எழுதிவிட வேண்டும்.

டிரைவிங் அக்காவின் சீட்டில் 98.2. நான்தான் பின் குத்தினேன். குழாயை மெஷினோடு இணைக்கும்போது அவர் கை சில்லென்று இருந்தது. "என்னக்கா, கை இப்படி இருக்கு?" "கார்ல ஏசி போட்டு வந்தேன் தங்கச்சி." இன்று ஜோக் அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்தேன். நினைத்தேனா? இருபத்திரண்டு வருஷம்! காய்ச்சல் ஏறும்போது முதலில் கைதான் சில்லிடும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாற்பதாவது நிமிஷம் நாற்காலியே ஆடியது. பல் தந்தியடிக்கிறது. நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. இழுப்பறையிலிருந்து பழைய தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தேன். 103.8. கழுத்துக் குழாயில் கிருமி. ரத்தத்தில் கலந்துவிட்டது. மெஷினை நிறுத்தினோம், டாக்டரம்மா ஓடி வந்தார், மருந்து ஏற்றினோம், ஆம்புலன்ஸ்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கேட்டேன் — கேட்டேனா, கத்தினேன் — "எப்பலேருந்துக்கா?"

"நேத்து ராத்திரிலேருந்து. சொன்னா அனுப்பிடுவீங்கல்ல... மீசைக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தேன்ல... அதான் நல்லா கழுவிட்டு வந்தேன்."

ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டே காரில் வந்திருக்கிறார். வாசலில் அவிழ்த்திருக்கிறார். அந்தத் துணி அவர் பையில் இன்னும் ஈரமாக இருந்தது.

எவ்வளவு பெரிய முட்டாள் அந்தம்மா! யாரைக் கேட்டு இப்படிச் செய்தார்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யார் சொல்லிக்கொடுத்தது.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா அவசர சிகிச்சையில் இருக்கிறார். கண் திறக்கவில்லை.

இங்கே சம்பவ அறிக்கை தயார். 'வாசலில் பணியாளரின் தவறான அளவீடு.' காவல்காரரை நாளை மறுநாளோடு நிறுத்துகிறார்களாம். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். "உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது சிஸ்டர். சீட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தானே நீங்க நம்பினீங்க?" என்று மேலாளர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். இளைத்தவன் தலையில் கட்டுவதில் எவ்வளவு நயம்!

வெளியே வந்தால் காவல்காரர் நின்றுகொண்டிருக்கிறார். "நீங்க கழுவச் சொன்னதா நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா" என்றார்.

அடிப்பாவி என்று அந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 26, புதன்

கையெழுத்துப் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. தலைவலி, நாளைக்குப் போடுகிறேன் என்று வந்துவிட்டேன். நானா? ஊரையே கேள்வி கேட்கிற நானா?

மார்ச் 27, வியாழன்

விடியும்முன் எழுந்து வீட்டுக்காரரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தூக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். லிஃப்ட் கதையை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது, அதுதான் கொடுமை. மெஷின் தொந்தரவு செய்கிறது என்று டேப் ஒட்டியவள் நான்.

"வேலை போனா?" என்றேன்.

"போனா பார்த்துக்கலாம். அந்தாளுக்குப் போகக் கூடாதுல்ல" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார். இவருக்குத் தூக்கமும் வருகிறது பாருங்கள்.

அறிக்கையில் கையெழுத்துப் போடாமல், தனியாக ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெயில், குழாய், மார்ச் 14, நான் சொன்ன வார்த்தை, சில்லென்றிருந்த கை, எல்லாம். ஒரு நகல் டாக்டரம்மாவுக்கு. மேலாளர் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுத்துல எதுக்கு சிஸ்டர்?" என்றார். எழுத்தில் இல்லாவிட்டால் அந்தக் குழாயடியில் நான் நிற்கவே இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள் சார் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா கண் திறந்துவிட்டார். பழைய குழாயை எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பாதியாகிவிட்டார். கிளட்ச் மிதிக்கக் காலில் தெம்பு வர எத்தனை மாதமாகுமோ தெரியாது. இரண்டு காரும் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறதாம்.

என்னால்தான் அக்கா என்று ஆரம்பித்தேன். அழுகை முந்திக்கொண்டது.

"வாயை மூடு" என்றார். நிஜமான கோபம். "நீ வெயிலுக்குக் கழுவச் சொன்னே. நான் காய்ச்சலுக்குக் கழுவினேன். என் பொய்யைத் தூக்கி நீ தலையில வச்சுக்காத. ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. காய்ச்சல்னு நிஜத்தைச் சொல்லியிருந்தா என்னை எங்க உக்கார வச்சிருப்பே?"

அட்டைப்பெட்டிகள் மேலா உட்கார வைத்திருப்பேன்?

"போ. அதுக்கு வழி பண்ணிட்டு அப்புறமா வந்து அழு."

ஏப்ரல் 4, வெள்ளி

காவல்காரரை நிறுத்தவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் வாசலில் நின்று காய்ச்சல் பார்க்கும் வேலை எனக்கு, தண்டனையாக. அதையும் வாங்கிக்கொண்டேன். "பதினோராவது நாற்காலியைக் கொடுத்துடுங்க, ஒரு வருஷம்கூட நிக்கறேன்" என்றேன். இடமில்லை, இந்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மேலாளர் ஆரம்பித்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னைக்கு சாயங்காலம் நான் வந்து பார்ப்பேன். பெட்டி இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு பெட்டி. நானும் காவல்காரரும் தூக்கினோம். எங்கே வைப்பது என்று கேட்டார். ஆபீஸ் ரூமில்தான் என்றேன். மேலாளர் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர்போல அடுக்கினோம். பார்க்க நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. ஃபேன் நாங்கள் நர்ஸுகளே கொண்டுவந்தோம், அதற்கும் மேலாளர் வாய் திறக்கவில்லை. கால் மணி நேரம் உட்கார வைத்து, துடைத்து, பிறகு பார்க்கிறேன். பதிவேட்டில் மெஷின் காட்டுவதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன். தலைப்பு: நோயாளி சொல்வது. குளிர் வந்ததா, நடுங்கியதா, தூங்கினீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன். "காய்ச்சல்னா அனுப்ப மாட்டோம், உள்ளயே தனி நாற்காலி இருக்கு" என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்." பத்துப் பேரும் அதே பதில். பத்துக் கட்டமும் காலி.

ஏப்ரல் 11, வெள்ளி

காலி. ஒருவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அசிங்கமாகிவிட்டது. கழுவச் சொல்லிக் கொடுத்த வாய்தானே இது.

ஏப்ரல் 16, புதன்

காலி. மனுஷர்களுக்கு ஒருமுறை பயம் காட்டிவிட்டால் அவ்வளவுதானா? எத்தனை நாள் சொல்வது? எரிச்சலாக வருகிறது — அவர்கள் மேல் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

டிரைவிங் அக்கா திரும்பி வந்தார், கழுத்தின் மறுபக்கம் புதுக் குழாயோடு, கம்பு ஊன்றி. பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து ஃபேனைக் குறை சொன்னார். 98.4. மெதுவாக உள்ளே போனார்.

அடுத்து மீசைக்காரர். வெயிலில் நடந்து வந்தவர். பஸ் தூசி முகத்தில் அப்படியே இருந்தது, கழுவவில்லை. உட்கார்ந்தார், துடைத்தேன், மெஷினை நீட்டினேன். 98.8. பச்சை.

"உள்ள போலாங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "விடியக்காலையில குளிர் வந்துச்சு சிஸ்டர். ரெண்டு போர்வை போட்டும் நிக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

அக்குளில் வைத்துப் பார்த்தேன். 100.8.

கையைப் பிடித்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார், மருந்து ஆரம்பித்தாயிற்று, டயாலிசிஸும் நடந்தது. "என்ன மீசை, ஸ்பெஷல் சீட்டா?" என்று அக்கா தன் நாற்காலியிலிருந்து கத்தினார். பதிலுக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாசலுக்குத் திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன். மெஷின்: 98.8. பக்கத்துக் கட்டத்தில், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். இடம் போதவில்லை, ஓரத்தில் மடக்கி எழுத வேண்டியிருந்தது.