நாலாயிரம் றாத்தல் என்று சொன்னேன்

1987 ஏப்ரல் 5, ஞாயிறு

ட்றக் வாசலில் நிற்கிறது. பழையதுதான், ஆனால் முக்கால் தொன் வகை, பெரிய எஞ்சின். பக்கத்து வீட்டுக்காரர் யன்னல் திரையை இரண்டு தரம் விலக்கிப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும். ட்றெயிலரை அவரால் பார்க்க முடியாது. அது மில்லிக்கனுக்கு வடக்கே ஒரு தோட்டக்காரனின் கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிறது. இருபத்துநாலு அடி, இரட்டை அச்சு, நாலு பக்கமும் அடைத்தது.

அது என் பெண்சாதி கோணேஸ்வரிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எண்பத்துநாலில் கார் வாங்கியபோது ஊரைக் கூட்டிக் காட்டினேன். ஒன்பதாம் நாள் ஒருவன் பின்னால் வந்து இடித்தான். நாவூறு, வேறென்ன? இந்த முறை முதல் லோட் இறக்கும்வரை மூச்சு விடுவதில்லை.

மொன்றியலில் வந்து இறங்கிய எங்கள் சனம் இப்போது ஒவ்வொரு குடும்பமாக ரொறன்ரோவுக்கு வீடு மாறுகிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டு வீட்டுச் சாமானை ஏற்றலாம். கோடை முடியமுன் ஒஷாவா தொழிற்சாலையை விட்டுவிட வேண்டும். பதினோரு வருடம் கார்களுக்குக் கதவுப் பிடி பூட்டியது போதும்.

ஏப்ரல் 8

சாப்பாட்டு நேரத்தில் றொபேட்டிடம் கேட்டேன். அவன் என் வரிசையில் வேலை செய்கிறவன். கோடைக்குக் கோடை வீடு மாதிரி ஒரு ட்றெயிலரை ஏரிக்கரைக்கு இழுத்துப் போகிறவன். “பின் அச்சில் என்ன கியர் ரேஷியோ?” என்றான். எனக்கு எங்கே தெரியும்?

கை துடைக்கும் பேப்பரில் எழுதிக் காட்டினான். சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. மூன்று நாற்பத்திரண்டு (3.42) என்றால் பெற்றோல் மிச்சம், ஓட்டம் அமைதி, இழுவை குறைவு. நாலு பத்து (4.10) என்றால் மாடு மாதிரி இழுக்கும். எஞ்சின் கத்தும், பெற்றோல் குடிக்கும். இழுக்கிற பாரம் ஏழாயிரம் றாத்தலுக்கு மேல் என்றால் நாலு பத்து இல்லாமல் வெளிக்கிடாதே என்றான். மேட்டில் கியர்ப்பெட்டி எரிந்துபோகுமாம்.

என்னுடையது ஏற்றினால் எட்டாயிரம் வரும்.

இவன் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறான்? விற்க ஏதாவது வைத்திருக்கிறானோ? இல்லை என்றுதான் தெரிகிறது. ஆனாலும்.

ஏப்ரல் 11, சனி

ரெக்ஸ்டேலுக்குப் போனேன். மச்சான் தம்பிமுத்து, கோணேஸ்வரியின் அண்ணன், அங்கே லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் தலைமை மெக்கானிக். கை சுத்தமான மனிதர். வாயைப் பற்றித்தான் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குச் சீட்டு விளையாட வருகிறவர்களில் அருள்நாயகமும் ஒருவன். அவனிடம் ஒரு வான் இருக்கிறது. இப்போதே சனத்தின் சாமான் ஏற்றி இறக்குகிறான். மச்சானுக்கு இன்றைக்குத் தெரிந்தால் அவனுக்கு நாளைக்குத் தெரியும்.

மச்சான் ட்றக்குக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

“மூண்டு நாப்பத்திரண்டு கிடக்கு. என்னத்தை இழுக்கப் போறீர்?”

“சின்ன ட்றெயிலர் ஒண்டு.”

“ஏத்தினா எவ்வளவு பாரம் வரும்?”

“ஒரு நாலாயிரம் றாத்தல்.”

துணியில் கையைத் துடைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். “நாலாயிரமோ? சரியாத் தெரியுமோ?”

“ஓம், ஓம்.”

“அப்ப உது காணும். மாத்தத் தேவையில்லை. பிறேக்கையும் அச்சு எண்ணெயையும் பாத்துத் தாறன், வாற கிழமை கொண்டுவந்து விடும்.”

வழியெல்லாம் யோசனை. ஏன் அவ்வளவு சுருக்காக “மாத்தத் தேவையில்லை” என்றார்? பொய் சொன்னது நான்தான், அது தெரியும். என்றாலும் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாமே. நான் முன்னுக்கு வருவது அவருக்குப் பிடிக்கவில்லையோ?

ஏப்ரல் 18

ட்றக்கைக் கொண்டுபோய் விட்டேன். விடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். பிறகு ஒஷாவாவில் தெரியாத இடம் ஒன்றில் நாலு பத்து போடலாம். கோணேஸ்வரி சொல்கிறாள்: “அண்ணனிட்ட உள்ளதைச் சொன்னா என்ன?” இவளுக்கு உலகம் தெரியாது.

ஏப்ரல் 22

வேலை விட்டதும் சும்மா ரெக்ஸ்டேல் பக்கமாகச் சுற்றினேன். சும்மா என்ன சும்மா, பார்க்கத்தான் போனேன். கராஜ் வாசலில் அருள்நாயகத்தின் வான். அவனும் மச்சானும் பாரமான மரப்பெட்டி ஒன்றைத் தூக்கி உள்ளே கொண்டு போனார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் நிற்கவில்லை.

என்ன பெட்டி?

ஏப்ரல் 26, ஞாயிறு

நேற்று ட்றக்கை எடுத்தேன். மச்சான் சாவியைத் தந்து, “சின்ன வேலை ஒண்டும் செய்தனான். பாரத்தைக் கட்டி இழுத்தா விளங்கும்” என்றார். என்ன வேலை என்று கேட்டேன். “இழுத்துப் பாரும்” என்று வேறு லொறிக்குக் கீழே போய்விட்டார்.

401 நெடுஞ்சாலையில் ஏறினேன். அறுபது மைலுக்கு எஞ்சின் கத்துகிறது! முன்பு அப்படியில்லை. வீட்டுக்கு வரமுன் பெற்றோல் முள்ளும் கண்ணுக்குத் தெரிய இறங்கிவிட்டது. கெடுத்துப்போட்டாங்கள். ரெண்டு பேரும் சேந்து கெடுத்துப்போட்டாங்கள். நல்ல சாமானைக் கழற்றி அருள்நாயகத்துக்குக் குடுத்திட்டு அவன்ர உளுத்ததை எனக்குப் பூட்டியிருக்கிறார். இல்லாட்டி அந்தப் பெட்டி என்னத்துக்கு?

ஏப்ரல் 29

நித்திரை இல்லை. எஞ்சின் இன்றும் கத்துகிறது.

மே 3

ரெலிபோன். மச்சானின் மூத்தவள் பேபி பெரியபிள்ளையாகிவிட்டாள். பதினேழாம் தேதி சடங்கு, மண்டபத்தில். கோணேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். தண்ணீர் வார்க்க வேண்டிய மாமி இவள் ஒருத்திதான். மச்சானுக்கு வேறு சகோதரி இல்லை. பின்னேரமே ஜெராட் வீதிக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை எடுத்து வந்தாள். 

மே 9

அடக்கி வைத்திருந்தேன், முடியவில்லை. ரெலிபோனில் கேட்டேவிட்டேன்.

“என்ர ட்றக்கை என்ன செய்தனீங்கள்?”

“கட்டி இழுத்தனீரோ?”

“இழுக்க என்ன கிடக்கு? வெறும் வண்டியே கத்துது!”

“இழுத்துப் பாத்திட்டுக் கதையும், கனகசிங்கம்.”

“அருள்நாயகம் என்னத்தைக் கொண்டுவந்தவன்?”

 “என்னை வேவு பாத்தனீரோ?” என்றார். நான் வைத்துவிட்டேன்.  குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும், அவருக்குக் குறுகுறுத்திருக்கிறது. நல்லது.

மே 17, ஞாயிறு

போகவில்லை. கோணேஸ்வரியையும் போக விடவில்லை. என் காரில்தான் போகவேண்டும்; நான் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவள் காலையிலேயே முழுகி, தலை கட்டி, சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பத்து மணிவரை இருந்தாள். பிறகு அதைப் பழையபடி பையில் போட்டாள். சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இரவு யாரோ சொல்லிக் கேள்வி: தண்ணீர் வார்த்தது அருள்நாயகத்தின் பெண்சாதி.

மே 18

அவள் கதைக்கவில்லை.

மே 24, ஞாயிறு

முதல் லோட் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் முன்பே வாக்குக் கொடுத்த வேலை, தள்ள முடியாது. ஒஷாவா கராஜுக்குப் போக நேரமும் கிடைக்கவில்லை. நேற்று விடிய வெளிக்கிட்டேன், வழியில் நின்றுவிடும் என்று கயிறு, லைட், சாப்பாடு எல்லாம் எடுத்துக்கொண்டு.

மொன்றியலில் இரண்டு வீட்டுச் சாமான். லொறிகள் நிற்கும் தரிப்பிடத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ட்றெயிலர் மட்டும் எட்டாயிரத்து நூற்றிநாற்பது றாத்தல். நிறைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

இழுத்தது. கிங்ஸ்ரனுக்கு அந்தப் பக்கம் கல்மலை மேடுகள் வரும், எதிர்க்காற்று வேறு. இதோ நிற்கப்போகிறது, இதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. வெறும் வண்டியில் கத்திய அதே எஞ்சின் பாரத்தோடு நிதானமாக மேட்டில் ஏறியது. எனக்குச் சந்தோசம் வரவேண்டும். வரவில்லை. கிங்ஸ்ரனிலிருந்து வீடு வரும்வரை ஒரே கேள்வி: மச்சான் எதைப் பூட்டியிருக்கிறார்?

மே 25, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கினேன். கியரை நியூட்ரலில் விட்டேன். தண்டிலும் சக்கரத்திலும் சோக்கால் கோடு போட்டேன். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சக்கரத்தை இரண்டு முறை சுற்றவேண்டும். றொபேட் சொல்லித் தந்திருக்கிறான். ஆனால் நான் கீழே படுத்தால் சக்கரத்தை யார் சுற்றுவது?

கோணேஸ்வரியைக் கூப்பிட்டேன். எட்டு நாளாகக் கதைக்காதவள் ஒன்றும் கேட்காமல் வந்து சக்கரத்தைப் பிடித்தாள். “மெல்லமா, ரெண்டு சுத்து” என்றேன்.

“ஒண்டு,” என்றாள். “ரெண்டு.”

நான் கீழே சோக்கைப் பார்த்து எண்ணினேன். பழைய கியர்தான் என்றால் மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும். நாலையும் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. திரும்பச் செய்தோம். மூன்றாம் தரமும் செய்தோம்.

“எத்தினை?” என்று மேலிருந்து கேட்டாள்.

“நாலும் கொஞ்சமும்.”

“அப்பிடியெண்டா?”

சொன்னேன். அண்ணன் நாலு பத்து போட்டிருக்கிறார் என்று. அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் எழும்பவில்லை. எண்ணெய்ச் சொட்டு ஒன்று கன்னத்தில் விழுந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

எஞ்சின் கத்தும், பெற்றோல் குடிக்கும். ஏப்ரல் எட்டாம் தேதி என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மே 31, ஞாயிறு

ரெக்ஸ்டேல். வாசலில் சடங்குக்குக் கட்டிய தோரணத்தின் நூல் இன்னும் தொங்கியது. மச்சான் உள்ளே வரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது, வழக்கம்போல. 

“எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“உம்மட ட்றக்குக்குப் பின்னால கொளுவியிருந்த இரும்புக் குண்டைப் பாத்தனான். எட்டாயிரம், பத்தாயிரம் இழுக்கிறவன் பூட்டுற குண்டு. நாலாயிரத்துக்கு ஆர் உதைப் பூட்டுவான்?”

ட்றெயிலரைத் தோட்டத்தில் ஒளித்துவிட்டு, அதைக் கொளுவும் குண்டை ட்றக்கிலேயே விட்டிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்தான்.

“ஏன் சொல்லேல்ல?”

“நீர் ஒளிக்கிறீர் எண்டா ஒரு காரணம் இருக்கும். பிடிச்சுப் போட்டன் எண்டு சொன்னா ட்றக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பீர். வழியில எரிஞ்சு நிண்டா வண்டியில தங்கச்சியும் இருப்பாள்.” கோப்பையை வைத்தார். “அந்தக் கியரை ஒஷாவாவில பழைய இரும்புக் கடையொண்டில தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்தது அருள்நாயகம். ஆருக்கு எண்டு நான் சொல்லேல்ல, அவனும் கேக்கேல்ல.”

மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் என்னட்ட என்னத்துக்கு” என்றார். பேபி ஆல்பத்தைக் கொண்டுவந்து தந்தாள். செம்பைப் பிடித்திருந்த கை வேறொருத்தியின் கை. நான் பார்த்தேன். கோணேஸ்வரி ஒவ்வொரு படமாக, ஒன்றையும் விடாமல் பார்த்தாள். “வடிவா இருக்கிறாய் பிள்ளை” என்றாள்.

வரும்போது காரில் சொன்னேன், மச்சானின் சின்னவள் இருக்கிறாள்தானே, அவளுக்கு நீ வார்க்கலாம் என்று. சொல்லியிருக்கக்கூடாது.

செப்ரெம்பர் 4

தொழிற்சாலையில் கடைசி நாள். றொபேட் கை தந்தான். ஏன் இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு நானும் விடாமல் பிடித்திருந்தேன்.

1989 யூன் 11, ஞாயிறு

மச்சான் ரெலிபோன் எடுத்தார். சின்னவளும் பெரியபிள்ளையாகிவிட்டாளாம். முதலில் தங்கச்சியைக் கேட்டார். கோணேஸ்வரி வாங்கி ஓம் அண்ணன், ஓம் அண்ணன் என்றாள், அவ்வளவுதான். ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தமும் பிளாஸ்ரிக் பை சரசரக்கும் சத்தமும் கேட்டன.

“உம்மட ட்றெயிலர் வேணும்,” என்றார் மச்சான். “மணவறை, கதிரை, சமையல் கிடாரம் எல்லாம் ஏத்திக்கொண்டு போகோணும்.”

“ஓம். எவ்வளவு பாரம் வரும்?” என்று கேட்டேன். இப்போது யாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.



“உள்ளதைச் சொல்லட்டோ,” என்றார், “இல்லாட்டி நாலாயிரம் எண்டு சொல்லட்டோ?”