ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போகவேண்டிய மெயில்

ஜூலை 9, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. பாக்கார் ஆராங்கில் வீட்டிலிருந்து வக்கீல் ஆபீஸுக்கு வழக்கமாக இருபது நிமிடம், இன்று நாற்பத்தைந்து. பாதி வழியில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கிறது.

சார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நானும் ஃபைல்களும் மட்டும். சாருக்கு ஒரு பிடிவாதம்: மெயில் எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும், கைப்பேசியில் யாரும் திறக்கக்கூடாது. அதனால் பதினோரு வருடமாக அதே பழைய மெயில் புரோகிராம். அதற்கு இல்லாத சாமர்த்தியத்தையெல்லாம் நான்தான் ஒவ்வொரு பிளகினாக ஒட்டவைக்கிறேன். இதுவரை:

1. இணைப்பை மறந்து அனுப்பப் போனால் தடுப்பது. (ஒருமுறை வெறும் கடிதத்தை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு.)
2. "இவருக்குத்தானா?" என்று கேட்பது.
3. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பது.
4. குறித்த நாளில், குறித்த நேரத்தில் தானே அனுப்புவது. இன்று போட்டது.

எல்லாமே ஏதாவது ஒரு பயத்துக்காகப் போட்டவை. நான்காவதைச் சோதிக்க எனக்கே ஒரு மெயில், 3.10க்கு என்று குறித்தேன். சரியாக 3.10க்கு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

மீன் வாங்க மறந்துவிட்டேன். முட்டைக் குழம்பு.

ஜூலை 10, வியாழன்

வெயில். மெர்போக்கிலிருந்து லெட்சுமி அக்கா பஸ் பிடித்து வந்தார். (இனி ல.அ. கை வலிக்கிறது.) எஸ்டேட் லைன் வீடுகளில் பதினான்கு குடும்பம். நிலத்தை வாங்கியவர்கள் காலி பண்ணச் சொல்கிறார்கள். எதிர்ப்பு மனுவில் பதின்மூன்று கையெழுத்து முன்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் ல.அ. கடைசி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஐந்து நிமிடம் போட்டார்.

"இந்த சூராட்டு, இந்தக் கடுதாசி, போனா வீடு நிக்குமா தங்கச்சி?"

"போகலன்னா நிக்காது அக்கா. போனா பேசவாச்சும் எடம் கெடைக்கும்."

அலோர் ஸ்டார் நில அலுவலகத்துக்கு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் போக வேண்டும். இப்போதே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளி, சனி லீவு. இப்ப அனுப்பினா குப்பைக்கு அடியில போயிடும்லா. ஞாயிறு காலையில ஒம்பது மணிக்குப் போகட்டும், மேல இருக்கும்."

ஞாயிறு நான் லீவு போட்டிருக்கிறேன், மகளை ஈப்போவில் கல்லூரியில் சேர்க்க வேண்டும். சார் அன்று முழுக்க கோர்ட்டில். எனவே பிளகின். 13 ஞாயிறு, காலை 9.00 என்று குறித்தேன். கீழே இன்னொரு கட்டம்: வேலை நாட்களில் மட்டும் அனுப்பு. அதையும் டிக் செய்தேன். தப்பித்தவறி லீவு நாளில் போய்விட்டால்? இருக்கட்டும், கூடுதல் பாதுகாப்பு.

கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. "ஜாங்கான் துத்துப்", மூடாதே, என்று எழுதி ஒட்டினேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படி இறங்கி, ஏறி, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஈப்போ. விடுதி அறை பரவாயில்லை, ஜன்னல் கொக்கி மட்டும் சரியில்லை. மகளிடம் மூன்று தடவை சொன்னேன். "அம்மா, போதும்லா."

ஒன்பது மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பத்து மணிக்கு ல.அ. போன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

"அப்பாடா."

நான் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. ஆனால் போயிருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன்.

திரும்பும் வழியில் மகளுடைய காலி இருக்கையைப் பார்த்து அழுகை. காரை ஓட்டிய இவர், என் வீட்டுக்காரர், ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

ஜூலை 14, திங்கள்

8.52. மெயில் போகவில்லை. அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

முதலில் புரியவில்லை. பக்கத்திலே நேரம்: 14 திங்கள், 9.00. நான் 13 என்றுதானே போட்டேன்? பிளகினின் அமைப்புகளைத் திறந்தேன். வேலை நாட்கள் என்று ஏழு கட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை டிக். சனி, ஞாயிறு காலி. பிளகினைச் செய்து அந்த டிக்கைப் போட்டவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ. கெடா மாநிலத்தில் வெள்ளி, சனிதான் லீவு, ஞாயிறு வேலை நாள் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சின்ன வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை யூனிபாரம் போட்டுப் பள்ளிக்கூடம் போனவள். அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு லீவு என்று நினைத்து அது மெயிலைத் திங்களுக்குத் தள்ளிவிட்டது.

கூடுதல் பாதுகாப்புக்கு நான் போட்ட டிக்.

என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே மணி ஒன்பது. என் கண் முன்னால் தானே போனது. டிங் என்று சத்தம் வேறு.

கழிவறையில் பத்து நிமிடம்.

சார் ஒன்பதரைக்கு வந்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். "வாசுகி, நேத்து போயிடுச்சில்ல?" தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. "குட். ஒரு தே ஓ போடு." பால் இல்லாத டீ. போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பதில் இல்லை. ஒவ்வொரு டிங்குக்கும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஒன்று பேப்பர் கடை விளம்பரம், ஒன்று மின்கட்டணம்.

மதியம் சார், "மெர்போக் மெயிலை பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வை" என்றார். பிரிண்ட் எடுத்தால் மேலே தேதி வரும். 14.

எழுதவே கூசுகிறது. எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். பிளகின் பட்டியலில் தேடினேன். அனுப்பிய மெயிலின் மேல்விவரங்களை மாற்றுவதற்கும் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் கடிகாரம் தப்பாக ஓடி, தேதி குழம்பிப்போனவர்கள் சரிசெய்துகொள்வதற்காம். சும்மா பார்க்கலாம் என்று இறக்கினேன். சும்மா திறந்தேன். திங்கள் என்ற இடத்தில் ஞாயிறு, 14 என்ற இடத்தில் 13. அவ்வளவுதான். சேமி.

நம் பிரதியில் மட்டும்தான் மாறியது. அவர்களிடம் போனது போனதுதான். அது எனக்குத் தெரியும்.

பிரிண்ட் எடுத்தேன். தாள் சூடாக வந்தது. ஃபைலில் வைக்கத் துளை போடும்போது இரண்டு தடவை தப்பான இடத்தில்.

வரும் வழியில் மீன் வாங்கினேன். கெம்போங். சமைக்கவில்லை, அப்படியே ஃபிரிட்ஜில்.

ஜூலை 16, புதன்

வந்துவிட்டது. நில அலுவலகம். இரண்டே வரி: மனு திங்கள் காலை 9.00க்குக் கிடைத்தது, கெடு முடிந்துவிட்டது, பரிசீலிக்க இயலாது.

சார் சிரித்தார். அழுவார் அல்லது கத்துவார் என்று பயந்தேன், சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. "அவங்க சிஸ்டம் கோளாறு. நம்மகிட்ட பிரிண்ட் இருக்கு. நாளைக்கு நேர்ல போறோம். ஞாயித்துக்கிழமையே அனுப்பினோம்னு சத்தியப் பிரமாணம் எழுதி நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். வாசுகி அனுப்பினேன்னா அனுப்பினதுதான்."

அந்தப் பிரமாணத்தை டைப் அடிக்கச் சொன்னதும் என்னிடம்தான். அடித்தேன்.

என்னவெல்லாம் ஆகலாம்:
- சார் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆவார். வக்கீல் தொழிலே போகும்.
- போலீஸ். நான்.
- மகளின் கல்லூரிக்குத் தெரிந்தால்?
- பதினான்கு வீடு. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நான்காவதாகத்தான் வந்திருக்கிறது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார்: "யாரும் பார்க்கலல்ல? அப்ப விடுலா. நீயா போய் ஏன் மாட்டிக்கறே?"

இவரும் பயந்தவர்தான். வெளியே காட்டமாட்டார்.

ஜூலை 17, வியாழன்

காலை ஏழரைக்கு சார் காரில் அலோர் ஸ்டார். ஃபைல் என் மடியில். சார் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார், அவர் மகனுடைய பூப்பந்துப் போட்டி பற்றி. குருண் ஊரைத் தாண்டியதும் நான் குறுக்கிட்டேன்.

"சார், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"வாந்தியா?"

"இல்ல சார். அந்தத் தேதிய நான் மாத்தினேன்."

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். டிக், கட்டம், பிளகின், பிரிண்ட். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"போகலன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"திங்கள் காலையில சார். எட்டு அம்பத்திரண்டு."

"இன்னிக்கு வியாழன்."

ஃபைலை வாங்கி பிரிண்டையும் பிரமாணத்தையும் உருவி, நான்காகக் கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து அலோர் ஸ்டார் வரை பேச்சே இல்லை. திட்டியிருக்கலாம்.

நில அலுவலக அதிகாரி, தலையில் தூடோங் முக்காடு கட்டிய ஒரு அம்மா. சார் என்னையே சொல்ல வைத்தார். மலாயில் திக்கித் திக்கிச் சொன்னேன். ஞாயிறு லீவு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது என்றதும் லேசாகச் சிரித்தார். கோலாலம்பூரில் ஞாயிறு லீவு. அங்கே இருக்கும் அவர் மகளும் ஞாயிற்றுக்கிழமை வேலை நேரத்தில் போன் பண்ணித் தொல்லை கொடுப்பாளாம்.

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: தவறு செய்தவரே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மனுவோடு சேர்த்து வரும் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் மறுபடி அனுப்பினால் மேலதிகாரியிடம் வைப்பார். ஏற்றுக்கொள்வார்களா என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. அந்த பிரிண்டை மட்டும் நீட்டியிருந்தால்?

காரில் ஏறியதும் சார்: "எஸ்டேட் லைன்ல நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஜூலை 18, வெள்ளி

மெர்போக். இவர் கொண்டுவந்து விட்டார், காரை விட்டு இறங்கவில்லை.

ல.அ. வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் ஆபீஸ் அம்மா நல்ல செய்தி கொண்டுவருகிறார் என்ற நினைப்பு.

"பசியாறிட்டியா?" என்றார் ல.அ. ஆச்சு என்று பொய் சொன்னேன். இந்த வாரம் எத்தனையாவது பொய்?

சொன்னேன். தேதியை மாற்றியதையும் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மெஷின் மேல பழி போடாதீங்கலா!"

"எங்க வீடு போச்சுன்னா நீங்களா எடம் குடுப்பீங்க?"

ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து போனார். அவர் கோபத்தில் தப்பே இல்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகுதான் ல.அ. கேட்டார்.

"ஞாயித்துக்கிழம நான் போன் பண்ணப்ப போயிடுச்சுன்னு சொன்னே."

"ஆமாக்கா."

"பார்த்துட்டா சொன்னே?"

"இல்லக்கா."

"நீ சொன்னதும் நான் கேசரி கிண்டி வீடு வீடா குடுத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் இன்னும் ஆஸ்பத்திரி ஊசிப் பிளாஸ்திரி.

"ஞாயித்துக்கிழம மறுபடி அனுப்புறப்ப நானும் வரேன்" என்றார்.

ஜூலை 19, சனி

விளக்கக் கடிதம். ஏழு தடவை எழுதினேன். முதல் ஆறிலும் எப்படியோ பிளகின்தான் குற்றவாளியாக வந்துகொண்டிருந்தது. ஏழாவதில் "நான்" என்று ஆரம்பித்தேன். சார் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். படித்துவிட்டு ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தார். வேலை இருக்குமா இருக்காதா என்று கேட்கத் தைரியம் இல்லை. அவரும் சொல்லவில்லை.

மீன் கெட்டுவிட்டது. தூக்கிப் போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

தூறல். 7.40க்கு ஆபீஸ் வந்தபோது ல.அ. ஏற்கெனவே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ். நல்ல புடவை. கையில் குடை, துணிப்பை.

கரண்ட் இருந்தது. அதற்கே கும்பிட்டேன்.

முதலில் பிளகின்களை எடுத்தேன், ஒவ்வொன்றாக. தேதி மாற்றுவது. நேரம் பார்த்து அனுப்புவது. நகல் எடுப்பது. இவருக்குத்தானா என்று கேட்பது. கடைசியில் இணைப்பை ஞாபகப்படுத்துவது மட்டும் மிச்சம். அதை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தேன். இணைப்புகளை விரல் விட்டு எண்ணினேன்: மனு, பெயர்ப் பட்டியல், என் கடிதம். ல.அ.வும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் விரல் வைத்து எண்ணினார். மூன்று.

"இதுல என் பேரு எங்க?"

பட்டியலைத் திறந்து காட்டினேன். பதினான்காவது. அவர் உதடு அசைத்துப் படித்தார்.

மணி 8.58. ஒன்பது ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்குக் காத்திருக்கணும்? அமுக்கு."

அமுக்கினேன். டிங்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

"காட்டு."