ஒப்பீட்டுக்குப் பழைய படம் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று எண்பத்தேழு படங்கள் பார்த்து ரிப்போர்ட் எழுதினேன். அறுபதுக்கு மேல் நெஞ்சு எக்ஸ்ரே. ஊரெல்லாம் இருமல். மத்தியானத்துக்குள் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்த ஆரம்பித்துவிட்டது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பத்து நிமிடம் இருட்டறையிலேயே சாய்ந்திருந்தேன். படம் எடுக்கும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, உங்களுக்கும் ஒரு படம் எடுத்துடலாமா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை நாங்கள் மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நாளெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் போனை எடுத்தாலும் அதுவே வாயில் வருகிறதாம்.

சாயங்காலம் கடையில் ஒருவர் வணக்கம் சொன்னார். நான் திருதிருவென்று விழித்தேன். போன வாரம் நான் ஸ்கேன் பார்த்தவராம். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். கிண்டல் அவருடைய இரண்டாவது பாடம். "அவளுக்கு முகம் தெரியாது சார். ஈரலைக் காட்டுங்க, பேரைச் சொல்லிடுவா" என்றார். கடைக்காரர் வரை சிரித்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

எங்கிருந்து எழுதுவது?

காலை பதினொன்றரைக்கு ஒரு படம். ஐம்பத்திரண்டு வயது, பஸ் டிரைவர், மூன்று வாரமாக இருமல். வலது நுரையீரலின் மேல்பக்கம், கழுத்துக்குக் கீழே காறை எலும்புக்குப் பின்னால், மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு நிழல். எங்கள் கணினியில் அதே ஆளின் பழைய படம் தானாகவே பக்கத்தில் திறக்கும். திறந்தது. பதினாறு மாதத்துக்கு முந்தையது. பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்து, இடது பக்கம் அடிபட்டு வந்திருக்கிறார். இடது பக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன.

அதே படத்தில் வலது பக்கம், அதே காறை எலும்புக்குப் பின்னால், ஒரு சென்டிமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அன்றைய ரிப்போர்ட்: "இடது ஆறாவது, ஏழாவது விலா எலும்புகளில் முறிவு. மற்றபடி இயல்பு." கீழே கையெழுத்து என்னுடையது.

முறிவைத் தேடியிருக்கிறேன். கிடைத்திருக்கிறது. கண் திருப்திப்பட்டு நின்றுவிட்டது. படிக்க வந்த முதல் வருடமே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள் — ஒன்று கிடைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார் என்று. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதைத்தான் எழுதக் கை வரவில்லை. எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் ஒரு வரி முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும்: "ஒப்பீட்டுக்குப் பழைய படம் இல்லை." பழைய படம் இருந்தால் அதை அழித்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று நாங்கள் எழுத வேண்டும். நான் அழிக்கவில்லை. நிழலைப் பற்றி மட்டும், "தொற்றாகவோ கட்டியாகவோ இருக்கலாம், மருத்துவர் தீர்மானிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்த வரியை நான் டைப் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்தது. அப்படியே விட்டேன், அவ்வளவுதான்.

விட்டது யாரு? நீதானே?

மார்ச் 7, வெள்ளி

அறுபத்தொன்பது படங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

ஒரு காரியம் செய்தேன், கோழைத்தனமான காரியம். அந்தப் பழைய படத்தைப் பெயர் மறைத்து, வேறு ஒன்பது படங்களோடு கலந்து, பயிற்சிக்கு என்று சொல்லி எங்கள் துறையில் ஐந்து பேரிடம் கொடுத்தேன். ஐவருமே முறிவைச் சொன்னார்கள். புள்ளியைச் சொன்னது இரண்டு பேர்.

மூன்று பேர் பார்க்கவில்லை! அப்படியானால் நான் ஒன்றும் மோசமில்லை. மாடிப்படியைக் கொஞ்சம் லேசாகவே ஏறினேன். சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், இந்த ஐந்துக்கு மூன்றையும் சேர்த்து. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிண்டலே வரவில்லை.

"ரெண்டு பேரு பாத்திருக்காங்கல்ல," என்றார். பிறகு தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இந்தத் துறைக்கு ஏன் வந்தேன்? நேர்காணலில் சொன்ன பதில் வேறு. உண்மையான காரணம், வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாவிடம் அவருடைய மகள் இறந்ததைச் சொல்லப் போனது. வாயைத் திறப்பதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றே முடிவு செய்தேன், இனி யாரும் என் முகத்தைப் பார்க்காத வேலை வேண்டும். எழுதி அனுப்பினால் போதும். சொல்வதை இன்னொருவர் சொல்லிக்கொள்வார். இருபத்து மூன்று வருடம் இருட்டறையில் நிம்மதியாக இருந்திருக்கிறேன். நல்ல ரேடியாலஜிஸ்ட் என்று பெயரும் வாங்கிவிட்டேன். எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 12, புதன்

டீ குடிக்கும்போது மூச்சுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த டிரைவர் கீழே மருந்துக்கடையில் நின்றாராம். நுரையீரல் டாக்டர் மூன்று வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு வந்து படம் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். "வெறும் சளிதான்னு டாக்டர் சொல்லிட்டாராம் மேடம். ஆளு ஒரே சந்தோஷம்."

நுரையீரல் டாக்டர் மேல் தப்பே இல்லை. பழைய படம் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்த நிழல் என்றால் முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. பதினாறு மாதமாக அதே இடத்தில் வளர்வது சளியாக இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை அழிக்க முடியாது. கீழே பிற்சேர்க்கை எழுதலாம். தேதியும் மணியும் தானாக விழும். எழுதினேன்: "பழைய படம் உள்ளது. அதிலும் இதே இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் புள்ளி காணப்படுகிறது. அப்போதைய என் அறிக்கையில் அது விடுபட்டது. மார்ச் ஆறாம் தேதி அறிக்கையின் ஒப்பீட்டு வரி தவறானது. அந்தப் பழைய படத்தை அன்றே பார்த்தேன். புற்றுநோயாகக் கருதி உடனே சி.டி. எடுக்கவும்." பிறகு நுரையீரல் டாக்டருக்குப் போன் செய்தேன். இன்றே கூப்பிட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆறு நாள். ஆறு நாள் அந்த மனுஷன் சளி என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

துறைத் தலைவர் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன், திட்டியிருந்தால் பரவாயில்லை. தவறவிடுவது யாருக்கும் நடக்கும், அதை எழுதிக்கொள்ளலாம், "அன்றே பார்த்தேன்" என்பதை ஏன் எழுதினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். நடந்தது அதுதானே சார் என்றேன். விஷயம் விசாரணைக் குழுவுக்குப் போகும், நோயாளியிடம் நுரையீரல் டாக்டர் பேசிக்கொள்வார், நீங்கள் போக வேண்டாம் என்றார்.

எனக்கு வசதியான யோசனை. இருபத்து மூன்று வருடமாக அதைத்தானே செய்துவருகிறேன்.

மார்ச் 17, திங்கள்

போனேன்.

நுரையீரல் டாக்டரின் அறை. டிரைவரும் அவர் மனைவியும். பெரிய கைகள் அவருக்கு, இரண்டையும் முழங்காலில் வைத்திருந்தார். இரண்டு படங்களையும் திரையில் போட்டு, இது அன்று, இது இன்று, இதை நான் பார்க்காமல் விட்டேன் என்றேன். மனைவி அழுதார். அவர் அழவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அன்னைக்குக் கண்ணுல படல. சரி, மனுஷங்கதான். இந்தத் தடவை பட்டுச்சுல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்புறமும் இல்லைன்னு எழுதினீங்க."

அதற்கும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பயந்துட்டேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டதாக இல்லை, கேட்டுக்கொண்டதாக. எழுந்திருக்கும்போது சொன்னார்: "இனிமே என் படம் எதையும் நீங்க பாக்க வேண்டாம்."

சரிங்க என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆபரேஷன் முடிந்தது. வலது நுரையீரலின் மேல் பகுதியை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு நெறிகட்டியிலும் பரவியிருக்கிறது, அதனால் நாலு மாதம் கீமோ. முதல் படத்திலேயே கண்டுபிடித்திருந்தால் என்று நுரையீரல் டாக்டரிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஆபரேஷன் மட்டும் போதுமாக இருந்திருக்கும் என்றார். அந்த நாலு மாதமும் என் கணக்கில்.

மே 8, வியாழன்

விசாரணை முடிந்தது. என் கோப்பில் ஒரு கண்டிப்புக் கடிதம். ஆறு மாதம் என் ரிப்போர்ட்டுகளை இன்னொருவர் மேற்பார்வை பார்ப்பார். என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். முதல் நாள் அவளுக்குத்தான் அதிகக் கூச்சம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒப்பீட்டு வரியைக் காலியாக வைக்கச் சொன்னேன். நிரப்பாமல் கையெழுத்துப் போட முடியாதபடி மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அரை நிமிடம் வீண் என்று துறையே என்னைக் கரித்துக்கொட்டுகிறது. கொட்டட்டும்.

ஜூன் 19, வியாழன்

கணினி தன்பாட்டுக்குப் படங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும். இன்று என் வரிசையில் நாலாவதாக அவர் பெயர். கீமோவுக்கு நடுவில் எடுத்த சி.டி. ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். யாருக்கும் தெரியாது. நல்லபடியாக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், ரிப்போர்ட் எழுத வேண்டாம், பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் — என்னென்னவோ சமாதானம்.

சின்னவள் பெயருக்கு மாற்றினேன். திறக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

டிரைவர் சி.டி.க்கு வந்திருப்பதாக மூச்சுக்காரர் சொன்னார். கீமோ முடிந்த பிறகு முதல் முறை. எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் எழுந்து வெளியே போனேன்.

எடுத்து முடித்து, ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார். தனியாக. பாதி உடம்பாகிவிட்டார், தலைமுடி குட்டையாக முளைத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் பை. என்னைப் பார்த்தார். திரும்பிப் போகவும் தோன்றவில்லை எனக்கு, நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

மூன்று, நாலு நிமிடம் என்று வாய் வரை வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "தெரியலைங்க," என்றேன்.

உண்மையிலேயே தெரியவில்லை. கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் சின்னவள் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏன் இவ்வளவு நேரம், எதையாவது பார்த்துவிட்டாளா? யாரோ ரிப்போர்ட் ஃபைலோடு வெளியே வந்தார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். வேறு யாருக்கோ. அவர் பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு ஐம்பது வயது. ஒரு படத்துக்காக நான் வெளியே காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

பதினேழு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சின்னவள் வந்து அவருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, எல்லாம் நல்லா இருக்குங்க, புதுசா எதுவும் இல்லை என்றாள். அவர் மூச்சை விட்டார். நானும்தான். காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, எழுந்தார்.

"வரேன்," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அறைக்குத் திரும்பினேன். வரிசையில் நாற்பத்தொரு படங்கள். முதல் படத்தைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து, கதவைப் பாதி திறந்து வைத்தேன். கொஞ்சம் வெளிச்சம் திரையில் அடித்தது. பரவாயில்லை. வெளியே நாற்காலியில் இருப்பவர்கள் தெரிந்தார்கள்.