கன்சாஸ் காற்றும் அம்மாவின் பார்சலும்

கிரெய்கிபர்ன்,
மெல்பேண்,
அவுஸ்திரேலியா.

அன்பு மகள் மேனுகாவுக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. என் இரண்டு தொடைகளைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் சைக்கிளும் சுகமாக இருக்க முருகன் அருள்புரிவான். கடிதத்தைப் படமெடுத்து போனில்தான் அனுப்புகிறேன், ஆனாலும் பேனையால் எழுதினால்தான் என் அறிவு முழுதாக இறங்கும்.

தொடைக்கு வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவைச் சைக்கிளில் குறுக்கே கடக்கிற வழியில், கன்சாஸில் காற்று முகத்தில் அறைகிறது, மிதிக்க மிதிக்க ரோட்டு நகரவில்லை என்று சொன்னாய் அல்லவா? நேரில் ஆராயாமல் புத்தி சொல்வது என் வழக்கமில்லை. பக்கத்து வீட்டு வெங்கட்ராமனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, வடகாற்றுக்கு எதிரே, இருபது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற வலன் ஊர் வரைக்கும் போனேன். வழியில் ஒரு கங்காரு போட்டிக்கு வந்து, மூச்சு வாங்கி வேலியோரம் நின்றுவிட்டது. திரும்பும்போது பத்மா சித்தியைக் காருடன் வரச் சொன்னது களைப்பினால் அல்ல, அந்த இயற்கைக் காட்சியை அவளும் பார்க்கட்டும் என்றுதான். அவள் வந்து இறங்கியதும், "இஞ்சருங்கோ, இது வலன் இல்லை, எங்கட ரோட்டு முடியிற பெற்றோல் ஷெட்" என்றாள். அவளுக்குத் திசை தெரியாது. ஆராய்ச்சி முடிவைக் கேள்: நாங்கள் பூமியின் கீழ்ப்பக்கம், நீ மேற்பக்கம். ஆகவே எனக்கு முகத்தில் அடித்த காற்று உனக்கு முதுகில்தான் அடிக்கவேண்டும். கொஞ்சம் பொறு, சரிவரும்.

இனி முக்கியமான சங்கதி. பஸ் ஏறி, பிளேன் பிடித்துத் திரும்பி வரப்போகிறேன், அம்மாவிடம் மூச்சுவிட வேண்டாம் என்று நீ அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. என் வாய் பாங்குப் பெட்டகம் மாதிரி. ஆனால் என் கார் அப்படியில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் நான் போனைத் தொட, கார் அந்தக் குரல்பதிவைத் தானாகவே ஊர் கேட்கும் சத்தத்தில் போட்டுவிட்டது. பின் சீற்றில் அம்மா. நீ கணக்கு வேலையை விட்டு ஒரிகனில் சைக்கிள் ஏறின நாள் தொடக்கம் உன்னோடு கதைக்கமாட்டேன் என்று இருக்கிற மனுசி. "அம்மா ஒருக்காக் கதைச்சாலாவது மிதிப்பன் சித்தப்பா" என்று நீ அழுதது வரை முழுதும் கேட்டுவிட்டது. நான் சமயோசிதமாக வைப்பரைப் போட்டுப் பேச்சை மாற்றினேன். மழைதான் இல்லை.

கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை முடிந்ததும் அம்மா, "சைக்கிளுக்கும் ஒண்டு செய்யுங்கோ ஐயா" என்றார். ஐயர் திகைத்துப்போய், அதுக்கென்ன நட்சத்திரம் என்று கேட்டார். நான் விடுவேனா? "அசுவினி, குதிரையின்ர நட்சத்திரம்" என்றேன். வரிசையில் நின்ற நாற்பது பேரும் கும்பிட்டார்கள், சிலர் என்னை. நீ என் பயிற்சியில் பத்து மாநிலம் ஓடுகிறாய் என்று அவர்களுக்கு விளக்கினேன். இருபது என்றே சொல்லியிருக்கலாம், அடக்கம் தடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினிக்குள் போய், கன நாள் கெடாத பருத்தித்துறை வடை சுட்டார். முழங்காலுக்குத் தைலமும் வைத்துப் பெட்டி கட்டினார். திரும்பி வருகிற பிள்ளைக்குப் பார்சல் எதற்கு அண்ணி என்றேன், பெட்டியைச் சுற்றி இன்னொரு தரம் ரேப் ஒட்டினார். போஸ்ட் ஒபீசில் நான் கன்சாஸ் என்று எழுதத் தொடங்க, "உமக்கென்ன விசரே தம்பி? இது போய்ச் சேருமட்டும் அவள் அங்கையே நிப்பாள்?" என்று பேனையைப் பறித்தார். நீ அனுப்பிய பாதை வரைபடத்தைக் கைப்பையிலிருந்து விரித்து, பார்சல் எடுக்கவென்று நீ வட்டம் போட்டிருந்த, கன்சாஸைத் தாண்டி இன்னும் முன்னால் இருக்கிற கென்டக்கி விலாசத்தை எழுத்தெழுத்தாக எழுதினார். அந்த வரைபடத்தில், ஒரிகன் தொடக்கம் நீ கடந்த ஒவ்வொரு ஊரிலும் சின்னச் சந்தனப் பொட்டு இருந்தது மகள். அதை மட்டும் நான் வைத்ததென்று சொல்லமாட்டேன்.

"கால் நொந்தால் ரெண்டு நாள் படுத்திட்டுப் போகட்டும், அவசரமில்லை. பார்சலைக் கையில எடுத்தாப்பிறகு எனக்கு போன் எடுக்கச் சொல்லும்" என்றார்.

நோய்நொடியும் பஞ்சரும் அண்டாமல் நீடூழி வாழ்வாய். லைட் போடாமல் ஓடாதே, தண்ணீர் குடி. பார்சல் போய்ச் சேர மூன்று கிழமையாவது செல்லுமாம். அம்மா இப்போதே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பாவும் பயிற்சியாளருமான
கணேசலிங்கம்