அந்தோணி போடாத கையெழுத்து

மார்ச் 12, செவ்வாய்

என் கணவர் அந்தோணி வேலை பார்த்த சுற்றுலாக் கப்பல் மூழ்கிய வழக்குக்காக, கம்பெனி வக்கீல் இன்று எங்களைச் செஞ்சிக்கு வரச்சொன்னார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஒரு வாக்குமூலத்தை நீட்டினார். கேப்டன் உடனே எச்சரித்தார், பயணிகள்தான் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. இவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் நஷ்டஈடு உடனே வரும். செத்தவர்களின் குடும்பங்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்காது.

"சைரன் அடிக்கவே இல்ல சார். நான் அங்கதான இருந்தேன்" என்றார் இவர்.

"அப்பறம் எந்தக் கப்பல்லயும் உனக்கு வேலை கிடைக்காதுப்பா."

இவர் என்னைப் பார்த்தார்.

"எழுந்திரிங்க, போலாம்" என்றேன்.

வெளியே வந்ததும், "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது."

இனி வீட்டுச் செலவுக்கு என்ன வழியோ. ஆனால் கப்பல் மூழ்கி ஊர் திரும்பியதிலிருந்து இன்றுதான் இவர் அலறாமல் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இவர் என் வீட்டுக்காரர் என்று யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.